திருவிழா மேடைக்குப் பாட்டு நாடகம் பிடிக்கலாமா?

கோயில் திருவிழாவின் கடைசி இரவுகளுக்கு இன்னிசைக் குழுவைப் பிடிப்பதா, கூத்துப் போடுவதா என்று யோசிக்கிற பரிபாலன சபைகளுக்கு மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமாப் பாட்டுகள் இருபதைக் கோத்து, இடையில் வசனம் எழுதி, இரண்டு மணித்தியாலக் கதையாக ஆடிப்பாடி நடித்துக் காட்டுகிற சேவை அது. விளையாட்டுக் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும்கூட இதைக் கேட்கின்றன. இந்த மதிப்பீடு ஒரு குழுவைப் பற்றியதன்று. ஒரே அச்சில் வருகிற இந்தச் சேவையை வன்னி மேடைக்கு, வன்னிச் சனத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேரடி இசைக்குழுவோடு வருகிறார்கள் என்றால் தாராளமாகப் பிடியுங்கள். ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த இசை, போட்டு ஆடுவது மட்டும்தான் என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல இன்னிசை நிகழ்ச்சியே மேல். காரணம் பாடகரின் குரலோ ஆட்டமோ அல்ல, முன்னால் இருக்கிற சனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான்.

தெரியாத பாட்டு என்றால் சனம் பொறுமையாகக் கேட்டு, முடிந்த பிறகு கைதட்டும். தெரிந்த பாட்டு என்றால் கைதட்டு முதலில் வரும். கீபோட்டில் முன்னிசை தொடங்கிச் சில விநாடிகளுக்குள் பின்னால் நிற்கிற பெடியள் விசிலடிப்பார்கள், மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்கும், கதிரையில் இருக்கிற அம்மாமார் பக்கத்தில் திரும்பி "உது அந்தப் பாட்டெல்லோ" என்பார்கள். அந்த ஆரவாரம் அடங்கப் பத்துப் பதினைந்து விநாடி வேண்டும். பாட்டின் முதல் வரியும், அந்த வரியோடு கதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் பெரும்பாலும் அந்தப் பத்து விநாடிக்குள்தான் அகப்படுகின்றன. கதாநாயகி கடிதத்தைக் கிழித்தாளா மடித்து வைத்தாளா என்பது ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும்.

நேரடிக் குழு இதைச் சமாளிக்கும். ஆரவாரம் அடங்கும்வரை முன்னிசையின் கடைசி நாலு ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள். நடிகர் தலையசைத்ததும் பல்லவி தொடங்கும். ட்ராக் காத்திருக்காது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, நடிகர் கூச்சலுக்குள் வாயசைத்துக்கொண்டு நிற்பார். ட்ராக்தான் போடுவோம் என்று குழு பிடிவாதமாகச் சொன்னால், ஒவ்வொரு பாட்டின் முன்னிசையிலும் எட்டு ஆவர்த்தனம் கூடுதலாக ஒட்டி, சுற்ற வேண்டிய இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அவர்கள் சனத்துக்கு முன்னால் இதை ஒத்திகை பார்த்ததில்லை என்று அர்த்தம். முன்னிசைக்கு மேல் வசனம் பேசுகிற பழக்கமும் பல குழுக்களிடம் இருக்கிறது. சினிமாவில் அது எடுபடும். வெளிவீதியில் அந்த வசனம் வீண்.

இந்த வகை நாடகம் வெளியிலும் பழையதுதான். 1728இல் லண்டனில் மேடையேறிய, ஜோன் கே எழுதிய 'பிச்சைக்காரர் ஒபரா' அந்தக் காலத்துத் தெருப் பாட்டுகளின் மெட்டுக்குப் புதுச் சொல் போட்டு எழுதப்பட்டது. 1999 ஏப்ரலில் அதே நகரில் தொடங்கிய 'மம்மா மியா!' வேறு வழியில் போனது. சுவீடனின் 'அபா' குழுவின் பாட்டுகளைப் பெரும்பாலும் சொல் மாற்றாமல் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஏற்ற ஒரு தாய் மகள் கதையைக் கத்தரின் ஜோன்சன் எழுதினார். தெரிந்த பாட்டு இருந்தால் போதும், சனம் வரும் என்று நம்பியவர்களுக்கு 'விவா ஃபோரெவர்!' பாடமானது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழுவின் பாட்டுகளோடு 2012 டிசம்பரில் லண்டனில் திறந்த அந்த நாடகம் 2013 ஜூனில் மூடப்பட்டது. கதை பலவீனம் என்பதே விமர்சகர்கள் சொன்ன பெரிய குறை. சனம் கூடப் பாடுவதும் அங்கே சிக்கலாகியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மான்செஸ்டர் அரங்கு ஒன்றில் விட்னி ஹூஸ்டனின் பாட்டுகளைக் கொண்ட 'தி பொடிகார்ட்' நடந்தபோது, உச்சக்கட்டப் பாட்டில் பார்வையாளர் சிலர் நிறுத்தாமல் உரத்துப் பாடியதால் நாடகம் முடிவதற்கு முன்னரே நிறுத்தப்பட்டது. பொலிஸையும் அழைக்க வேண்டி வந்தது.

'மம்மா மியா!' இதற்கு வைத்திருக்கிற வழி எளிது, எங்களுக்கும் பொருந்தும். கதை முடிந்து, நடிகர்கள் வணக்கம் சொன்ன பிறகு, எல்லாரும் திரும்ப வந்து நாடகத்தின் பெயர்பெற்ற பாட்டுகள் சிலவற்றை மறுபடி பாடுவார்கள். சனம் எழுந்து சேர்ந்து பாடும், ஆடும். முதலில் பொறுத்திருந்தால் கடைசியில் தங்கள் முறை வரும் என்று சனத்துக்குத் தெரிந்தால் நடுவில் குறுக்கீடு குறையும். ஆகவே குழுவிடம் முதலாவதாகக் கேட்க வேண்டியது, முடிவில் பத்துப் பதினைந்து நிமிடம் சனம் பாடுவதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்களா என்பது. அதை நாடகம் தொடங்கும்போதே அறிவிப்பாளர் சொல்ல வேண்டும். விருப்பப் பாடல் துண்டுகளும் அந்த நேரத்துக்குத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது பாட்டிலேயே துண்டுக் கடதாசிகள் மேடைக்கு வரத் தொடங்கிவிடும். அறிவிப்பாளர் ஒன்றை வாசித்துவிட்டால் அதோடு கதை போச்சு.

கூத்துப் பார்த்து வளர்ந்த சனம் இது என்பதை இந்தக் குழுக்கள் மறந்துவிடுகின்றன. காத்தவராயன் கூத்தில் கதையும் தெரியும், மெட்டும் தெரியும், அடுத்த வரியும் தெரியும். அதே காத்தவராயன் பாத்திரத்தில் ஆதிக் காத்தான் போய்ப் பின் காத்தான் வந்தால், ஆள் மாறியதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. கழுமரக் காட்சியில் வருடா வருடம் அதே இடத்தில் கண்ணீர் வருகிறது. அங்கே சனம் கூடப் பாடுவதால் ஒன்றும் குழம்பாது. நடிகர் பாடிய வரியைப் பக்கப்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுகிறபோது சனத்தின் குரலும் அதற்குள் சேர்ந்துவிடும், நடிகர் அடுத்த வரிக்கு மூச்செடுப்பார். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கும் இந்த ஒழுங்கு பழக்கம். பாட்டு நாடகக் குழுக்கள் இதை எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். நடிகர் பல்லவியைத் தானே பாடட்டும். இரண்டாம் முறை பல்லவி வரும்போது பக்கத்தில் நிற்கிற மூன்று நாலு பேர் எடுக்கட்டும். சனம் அந்த இடத்தில் சேரும், சரணத்துக்கு அமைதியாகும். முழுப் பாட்டையும் பின்னால் ஒருவர் பாட முன்னால் நடிகர் வாயசைக்கிற முறை இங்கே எடுபடுவதில்லை. பின்பாட்டு என்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை, அதை ஒளித்து வைப்பதுதான் பிடிக்காது. உதடு கொஞ்சம் பிந்தினால் கூ அடிப்பார்கள்.

கூத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கூத்தில் பாட்டின் சொல் அந்தக் கதைக்கே எழுதப்பட்டது. இங்கே சொல் வேறொரு கதைக்கு, வேறொரு ஆளுக்கு எழுதப்பட்டது. பாட்டு வரும்போது அதோடு பழைய காட்சியும் சேர்ந்து வரும். காதலிக்கு எழுதிய பாட்டைத் தாய்க்குப் பாடினால் முன்வரிசை சிரிக்கும். படத்தில் பகிடியாக எடுத்த பாட்டைச் சோகக் கட்டத்தில் வைத்தால் சோகம் கெடும். அங்கே சனத்தில் குற்றமில்லை, பாட்டைத் தெரிவு செய்தவரின் பொறுப்பு அது. சில குழுக்கள் மெட்டை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வரியை மட்டும் கதைக்கு மாற்றுகின்றன. அது நன்றாகவே எடுபடுகிறது, ஒரு நிபந்தனையோடு: பல்லவியில் கை வைக்கக் கூடாது. பல்லவியை மாற்றினால் சனம் தான் அறிந்த சொல்லையே பாடும், மேடை ஒன்று சொல்ல முன்வரிசை வேறொன்று சொல்லும். மாற்றுவதைச் சரணத்தில் மாற்ற வேண்டும்.

வயதைப் பொறுத்துச் சனம் பாட்டை வெவ்வேறு விதமாக அறிந்திருக்கிறது. அறுபது, எழுபதுகளின் பாட்டுகளை இங்கே பெரியவர்கள் பெரும்பாலும் இலங்கை வானொலியில் காதால் அறிந்தவர்கள். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்களும் அப்படித்தான். படத்தைப் பார்த்திராத பாட்டே அதிகம். அவர்களுக்குச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், குரல் பழைய குரலுக்குக் கிட்ட இருக்க வேண்டும். மேடையில் என்ன உடுப்பு, என்ன ஆட்டம் என்பது பெரிதில்லை. மாறாக, கைப்பேசியில் பாட்டுப் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஆட்டத்தின் ஒவ்வொரு அடியும் மனப்பாடம். அந்த அடி பிசகினால் உடனே கண்டுபிடிப்பார்கள். ஆகவே பழைய பாட்டுக்கு ஆட்டத்தைக் குறைத்து, ஒரு மைக்கோடு ஆளை நிறுத்தி, தபேலாவும் புல்லாங்குழலும் போதும் என்று விட்டுவிடுவது நல்லது. புதிய பாட்டுக்குச் சினிமா ஆட்டத்தை அப்படியே போலச் செய்யாமல் கூத்து மிதியை எடுத்து ஆடுகிற குழுக்களுக்குக் கிடைக்கிற ஆரவாரத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒப்பிட மூலம் இல்லாததால் சனம் ஆட்டத்தை ஆட்டமாகவே பார்க்கிறது. இருபது பாட்டில் ஆறு பழையது, எட்டு இடைக்காலத்தது, ஆறு புதியது என்ற அளவு கலப்புச் சனத்துக்குப் பொருந்தும். பழையதை ஒன்றாக அடுக்கிவிடக் கூடாது. தொடர்ந்து மூன்று பழைய பாட்டு வந்தால் பின்வரிசை கடலைக் கடைக்குப் போய்விடும்.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று இருக்கிறது. வன்னியில் சில பாட்டுகள் இழப்போடு சேர்ந்தவை. செத்தவீட்டில் ஒலித்த பாட்டு, பிள்ளை பாடித் திரிந்த பாட்டு என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றிரண்டு இருக்கும். வெளியூர்க் குழுவுக்கு அது தெரிய வழியில்லை. பிரிவுப் பாட்டு ஒன்று தொடங்கியதும் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து போனால், கூட இருப்பவர்களும் எழுந்து போவார்கள். பாட்டுப் பட்டியலைக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்னர் வாங்கி, சபையில் இருக்கிற மூத்தவர்களிடமும் மாதர் சங்கத்திடமும் காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்கிற பாட்டை விளக்கம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய நாட்களில் இந்த நிகழ்ச்சியை வைக்கவே வேண்டாம். வைகாசியில் திருவிழா வருகிற ஊர்கள் திகதியைப் பார்த்துத்தான் பதிய வேண்டும்.

இனிப் பாட்டின் நீளம். சினிமாப் பாட்டு ஒன்று ஏறக்குறைய நாலரை நிமிடம். இருபது பாட்டை முழுதாகப் பாடினால் தொண்ணூறு நிமிடம் போய்விடும், இரண்டு மணித்தியாலத்தில் கதைக்கு முப்பது நிமிடம்தான் மிஞ்சும். பல குழுக்களின் கதை மெலிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். பல்லவி, ஒரு சரணம், திரும்பப் பல்லவி என்று இரண்டரை நிமிடத்துக்குக் குறைத்தால் பாட்டுக்கு ஐம்பது, கதைக்கு எழுபது. இந்த அளவில் கதை மூச்சுவிடும். ஆனால் வெட்டுகிற இடம் முக்கியம். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பிய பிறகு நிறுத்தினால் சனம் ஏற்றுக்கொள்ளும். இடையிசையில் நிறுத்தினால் "பாட்டை முழுசா விடுங்கோ!" என்று குரல் வரும். நாலைந்து பாட்டை மட்டும் முழுதாக விடுவது நல்லது, அதிலும் இரண்டாம் சரணம் பேர்போன பழைய பாட்டுகளை.

ஒலியமைப்புத்தான் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதி. பெரும்பாலும் குழு வேறு, சவுண்ட் சேர்விஸ் வேறு. இருவரும் அன்றுதான் சந்திக்கிறார்கள். இன்னிசை நிகழ்ச்சிக்குப் போதுமான ஒலியமைப்பு நாடகத்துக்குப் போதாது. பாட்டில் ஒரு சொல் கேட்காவிட்டாலும் சனம் அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். வசனத்தில் அது முடியாது.

சூடான இரவில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். மேடையில் இருந்து 35 மீற்றர் பின்னால் நிற்பவருக்குப் பாட்டு பத்தில் ஒரு விநாடி பிந்திக் கேட்கிறது. அவர் அதற்குத் தட்டுகிற கை மேடைக்குத் திரும்பி வர இன்னொரு பத்தில் ஒரு விநாடி. நிமிடத்துக்கு 120 அடி போகிற பாட்டில் ஒரு அடிக்கு அரை விநாடிதான். ஆக மேடைக்கு வருகிற கைதட்டு கிட்டத்தட்ட அரை அடி பிந்தியது. ட்ரம்ஸ்காரர் அந்தத் தட்டைக் கேட்டு வாசித்தால் பாட்டு வரவர மந்தமாகும், பாடகர் ஒரு பக்கம், ஆடுபவர் ஒரு பக்கம் என்று இழுபடும். சனம் உற்சாகமாகத் தட்டத் தட்ட நிகழ்ச்சி கெடுவதற்குக் காரணம் இதுதான். ட்ரம்ஸ்காரருக்கு ஹெட்போனில் தாளக் கணக்குப் போக வேண்டும், பாடகர்களுக்கு முன்னால் மொனிற்றர் பொக்ஸ் (அவர்களுக்கே கேட்கிற ஒலிபெருக்கி) தனியாக இருக்க வேண்டும். சனத்தைத் தட்டச் சொல்லி அறிவிப்பாளர் தூண்டுவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

சனம் 30 மீற்றருக்கு மேல் நீண்டால் நடுவில் இரண்டாவது சோடி பொக்ஸ் வைக்க வேண்டும். அதை வெறுமனே இணைத்தால் போதாது. முன் பொக்ஸில் இருந்து வருகிற ஒலி 30 மீற்றருக்கு 86 மில்லிவிநாடி எடுக்கும். நடுப் பொக்ஸை அவ்வளவு பிந்த வைத்து, மேலும் பத்துப் பதினைந்து மில்லிவிநாடி கூட்டினால் குரல் மேடையில் இருந்து வருவதாகவே கேட்கும். பிந்த வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும். டிஜிற்றல் மிக்சர்களில் (ஒலிக் கலவைக் கருவிகளில்) இந்த வசதி இருக்கிறது. தெரிந்த சேர்விஸ்காரர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். சத்தத்தைக் கூட்டி இதைத் தீர்க்க முயல்கிறவரைப் பிடிக்க வேண்டாம்.

நடிகர்களுக்குக் கை மைக் கொடுத்தால் ஆட்டமும் இல்லை, நடிப்பும் இல்லை. ஆறு பேருக்காவது கன்னத்தில் ஒட்டுகிற வயர்லெஸ் மைக் வேண்டும். வாயின் ஓரத்தில் இருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மருந்துக்கடையில் கிடைக்கிற பிளாஸ்ரரால் காதடியிலும் கன்னத்திலும் இரண்டு இடத்தில் ஒட்டினால் வியர்வைக்குக் கழராது. நேரே வாய்க்கு முன் வைத்தால் மூச்சு இரையும். பற்றரியைத் தொடக்கத்திலேயே புதிதாகப் போட வேண்டும், பகல் ஒத்திகைக்குப் போட்டதோடு இரவுக்குப் போகக் கூடாது. பேசாத நடிகரின் மைக்கை மிக்சரில் மூடிவைக்க ஒருவர் வசனப் பிரதியோடு இருக்க வேண்டும். ஆறு மைக்கும் திறந்தே கிடந்தால் கூவல் எடுக்கும், மேடைக்குப் பின்னால் கதைக்கிறதும் வெளியில் கேட்கும்.

ட்ராக் போடுகிற குழுக்களில் இன்னும் பல கோளாறுகள் வரும். இணையத்தில் இருந்து எடுத்த கரோக்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்த அளவில் இருக்கும், ஒன்று முணுமுணுக்க அடுத்தது வெடிக்கும். முதலே எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். ஸ்கேல் (சுருதி) மூலப் பாடகருக்கு ஏற்றது, உச்சத்தில் இருக்கும். அதை இரண்டு அரைச்சுரம் வரை இறக்கலாம். நாலு இறக்கினால் வயலினும் பக்கக் குரலும் அடைத்துக் கேட்கும். அப்படி இறக்க வேண்டிய பாட்டை மாற்றுவதே நல்லது. ப்ளூடூத்தில் பாட்டை அனுப்பக் கூடாது, ஒலி பிந்தும், அறுபடும். கைப்பேசியில் போடுகிறார்கள் என்றால் அதை விமானப் பயன்முறையில் வைக்கச் சொல்லுங்கள். சோகக் காட்சியின் நடுவில் அழைப்பு மணி வந்தால் அந்தக் காட்சியை யாராலும் மீட்க முடியாது.

மின்சாரத்தில் முதல் கவனம்: விளக்கும் ஒலியும் ஒரே இணைப்பில் போகக் கூடாது. ஜெனரேட்டரின் வெவ்வேறு பேஸில் (phase) பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் விளக்கை மங்கச் செய்யும்போதெல்லாம் பொக்ஸில் இரைச்சல் எழும். மொத்தச் சுமைக்கு மேல் மூன்றிலொரு பங்காவது மிச்சம் இருக்கட்டும். கீபோட்டுக்கும் மிக்சருக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம். ஒரு விநாடி மின் விழுந்தாலும் அவை திரும்பத் தொடங்கப் போதிய நேரம் எடுக்கும், அதற்குள் சனம் எழும்பிவிடும். ஜெனரேட்டரைக் காற்றுப் போகிற திசையில் தூர வையுங்கள்.

காற்று என்றதும் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை வன்னியில் மாலையில் நல்ல வேகத்தோடு வீசும். மைக்கெல்லாவற்றுக்கும் பஞ்சு உறை வேண்டும். பின்திரையை ஒரே துணியாகக் கட்டினால் பாய் மாதிரி இழுக்கும், கீற்றாக வெட்டிக் கட்டுவது பாதுகாப்பு. மேடையைக் காற்று பின்னாலிருந்து சனத்தின் பக்கம் போகும்படி அமைக்க முடிந்தால் பின்வரிசைக்குக் கேட்பதும் நன்றாக இருக்கும். மாசி, பங்குனி இரவுகளில் பனி இறங்கித் தபேலாவின் தோல் தளரும், சுருதி பார்க்க இடைவேளை வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம், வெளிமேடையே வேண்டாம். மழைக்குப் பின்வருகிற இரவுகளில் வெள்ளை விளக்குக்கு ஈசல் மொய்க்கும். பாடுபவரின் முகத்துக்கு நேரே மஞ்சள் விளக்கு வைத்து, வெள்ளையைப் பந்தலின் தூரமூலையில் ஒன்றிரண்டு எரியவிட்டால் பூச்சி அங்கே போகும்.

மழைக்குப் பயந்து பாடசாலை மண்டபத்துக்குள் வைப்போம் என்று நினைப்பவர்களுக்கு: தகரக் கூரையும் சீமெந்து நிலமும் உள்ள மண்டபத்தில் இந்த நிகழ்ச்சி எடுபடாது. கைதட்டு எதிரொலித்து வசனத்தை மூடிவிடும். அங்கே ட்ரம்ஸ் இல்லாமல், சிறிய பொக்ஸ் நாலை நடுவுக்குக் கிட்ட வைத்து, பாட்டைப் பன்னிரண்டாகக் குறைத்தால் சமாளிக்கலாம்.

சனம் இருக்கிற ஒழுங்கையும் சபைதான் பார்க்க வேண்டும், குழு பார்க்காது. பிள்ளைகள் மேடைக்கு முன்னால் மணலில் பாய் விரித்து இருப்பார்கள், தெரிந்த பாட்டு வந்ததும் எழுந்து ஆடுவார்கள். அதைத் தடுப்பது வீண், நல்லதும் இல்லை. மேடைக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ மூன்று மீற்றர் அகலத்தில் ஒரு துண்டு நிலத்தை விட்டு, இரண்டு பேரை நிறுத்தி, ஆடுகிற பிள்ளைகளை அங்கே அனுப்பினால் கதிரையில் இருக்கிறவர்களுக்கு மறைக்காது. மேடை ஓரத்து வயரெல்லாவற்றுக்கும் மேல் இறப்பர் பாயோ மண்ணோ போட்டு மூடுங்கள். மேடையின் படி இருக்கிற பக்கம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

அன்பளிப்பு அறிவிப்பு இன்னொரு தலையிடி. இன்னார் குடும்பம் இவ்வளவு என்று பாட்டுக்குப் பாட்டு வாசிக்கிற வழக்கம் இன்னிசை நிகழ்ச்சியில் பரவாயில்லை. இங்கே அது கதையை அறுக்கும். இடைவேளையிலும் முடிவிலும் மட்டும் வாசிப்போம் என்று முதலே எல்லாருக்கும் சொல்லிவிட்டால் ஒருவரும் மனம் நோக மாட்டார்கள்.

நேரமும் கணக்குத்தான். பூசை முடிந்து ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்கு மேல் ஆகும். இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு இருக்கிற கட்டுப்பாட்டை முன்கூட்டியே பொலிஸ் நிலையத்தில் கதைத்துத் தீர்க்க வேண்டும், அன்றிரவு வாக்குவாதப்பட முடியாது. யானை நடமாட்டம் உள்ள காட்டோரக் கிராமங்களில் சனம் நடந்து வீடு திரும்ப வேண்டும் என்பதையும் யோசித்து, அங்கே மாலை ஆறரைக்கே தொடங்கிப் பூசையை இடைவேளையாக வைப்பது சரியாக வரும்.

உரிமை விஷயத்தைக் குழுக்கள் வாயே திறப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இசையைப் பொதுவில் நிகழ்த்தும் உரிமை படைத்தவருக்கு உரியது. அனுமதி பெறுவது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், நுழைவுச்சீட்டு விற்கிற நிகழ்ச்சி என்றால் கட்டாயம் எழுதுங்கள். புலம்பெயர்ந்த ஊரவருக்காக நேரலை போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ட்ராக் ஒலித்தால் யூரியூப்பும் முகநூலும் அதை அடையாளம் கண்டு ஒலியை அடைத்துவிடக் கூடும், சில வேளை நேரலையே நிற்கும். நேரடி இசைக்கு அந்த ஆபத்துக் குறைவு, இல்லையென்று சொல்ல முடியாது.

பதிவு செய்யும்போது முற்பணம் மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். மழைக்குத் திகதி மாற்றினால் அது கழிபடாமல் அடுத்த திகதிக்குச் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். பாட்டுப் பட்டியல், வாசிப்பவர் எத்தனை பேர், எத்தனை வயர்லெஸ் மைக், ஒலி ஒத்திகைக்கு வருகிற நேரம் என்ற நாலும் அதே தாளில் இருக்கட்டும். ஒத்திகைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வரச் சம்மதிக்காத குழுவை, எவ்வளவு பேரெடுத்ததாக இருந்தாலும், விட்டுவிட்டு அடுத்த குழுவோடு கதையுங்கள்.